மலையகத்தில் கிட்டார் கழுத்து செய்தல்: மரத் தேர்வும் தொழிற்சாலை முறைகளும் – முழுமையான வழிகாட்டி

தேயிலைக் கொழுந்தை வாட்டாமல் ரோலரில் இட முடியாது என்பதை இலங்கையின் மலையகத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பறித்த கொழுந்து மாடியில் பரப்பப்பட்டு, காற்று வாங்கி, ஈரத்தில் ஒரு பங்கை இழந்த பின்னரே உருட்டப்படுகிறது. உலர்த்தியிலிருந்து இறங்கும் தூளில் ஏறக்குறைய 3 சதவீத ஈரமே மிஞ்சுகிறது. இந்தக் கணக்கு தவறினால் எவ்வளவு நல்ல கொழுந்தும் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வீணாகும். கிட்டாரின் கழுத்தும் இதே கணக்கில்தான் நிற்கிறது. பெரிய கிட்டார் தொழிற்சாலைகளைப் பற்றிப் பேசும்போது நம் இளைஞர்கள் கணினியால் இயங்கும் வெட்டு இயந்திரங்களையே வியந்து சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தொழிற்சாலைகள் இயந்திரத்துக்கு முன்பாக உலர்த்தும் அறைக்கும், ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே மரத்தைச் சும்மா விட்டுவைக்கும் நாட்களுக்கும் இடம் ஒதுக்குகின்றன. அந்த இரண்டையும் இங்கே ஒரு சிறு பட்டறையிலும் செய்ய முடியும் என்பதை என் அனுபவத்தில் கண்டதால் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

கழுத்து தாங்கும் பாரத்தை முதலில் மனதில் கொள்ளுங்கள். இலேசான உருக்குக் கம்பிகள் பூட்டிய ஓர் அக்கூஸ்டிக் கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 73 கிலோகிராம் விசையுடன் கழுத்தை முன்னோக்கி இழுக்கின்றன. மின் கிட்டாரில் அது 46 கிலோகிராம் அளவிலும், நைலோன் கம்பி பூட்டிய கிளாசிக்கல் கிட்டாரில் 40 கிலோகிராமுக்கு அருகிலும் இருக்கும். வளர்ந்த ஓர் ஆளின் நிறையை, இரண்டு சென்றிமீற்றர் தடிப்புள்ள ஒரு மரத்துண்டு இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும். அதுவும் அரை மில்லிமீற்றர்கூட வளையாமல் தாங்க வேண்டும்.

என் முதற் கழுத்தை அட்டனுக்கு அருகில் ஒரு ஜூன் மாத மழையில் செய்தேன். மரம் மூன்று ஆண்டுகள் கூரைக்குக் கீழே கிடந்தது என்று விற்றவர் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். வேலை முடிந்தபோது கழுத்து நேராக இருந்தது, வாங்கியவரும் மனநிறைவோடு எடுத்துச் சென்றார். கொழும்பில் குளிரூட்டிய மண்டபம் ஒன்றில் சில மாதங்கள் இருந்த பிறகு அது திரும்பி வந்தது. சுருதிகளைப் பிரிக்கக் கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளின் முனைகள் இரு ஓரங்களிலும் நீட்டிக்கொண்டு கையைக் கீறின. கழுத்தும் ஒரு பக்கமாக முறுக்கியிருந்தது. அன்று நான் கற்றதை உலர்த்தும் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

மரக்காலையில் பார்க்க வேண்டியவை

கிட்டார் கழுத்துக்கு உலகெங்கும் அதிகம் பயன்படும் மரங்கள் மகோகனியும் மேப்பிளும் ஆகும். மேப்பிள் நம் நாட்டில் விளைவதில்லை. மகோகனியோ, மத்திய அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட பெரிய இலை மகோகனியாகவே கண்டி, மாத்தளை, குருநாகல் பக்கங்களில் நன்றாக விளைகிறது. இயற்கைக் காட்டிலிருந்து வரும் அமெரிக்க மகோகனியின் சர்வதேச வணிகம் 2003 முதல், அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கும்போது, அதே இன மரம் நமக்கு அடுத்த மாவட்டத்து மரக்காலையில் கிடைப்பது நம் பேறு. பச்சை நிலையிலிருந்து முற்றாக உலரும்போது மகோகனி ஆரைத் திசையில் 3.0 சதவீதமும் வளையங்களின் போக்கில் 4.1 சதவீதமும் சுருங்குகிறது. வன்மேப்பிளில் இவை 4.8, 9.9 சதவீதம் ஆகும். எண்கள் சிறியவை என்பதோடு இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் இருப்பதால்தான் மகோகனி முறுக்காமல் உலர்கிறது.

தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு (கிரெவிலியா) மரத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதன் நிறை மகோகனிக்கு நிகரானது, ஆரைப் போக்கில் அறுத்தால் சரிகை போன்ற அழகிய கோலமும் தெரியும். ஆனால் தோட்டத்தில் நிழலைக் குறைக்கக் கிளைகளைத் தொடர்ந்து வெட்டுவதால் கணுக்கள் நெருக்கமாக விழுகின்றன. 75 சென்றிமீற்றர் நீளத்துக்குக் கணு இல்லாத துண்டு கிடைப்பது அரிது. அதன் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் தரும். கணுவற்ற அடிமரம் கிடைத்தால் பயன்படுத்துங்கள், தேடிப் போக வேண்டாம். பலா மரத்தை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி வேண்டும். எந்த மரத்தை எடுத்தாலும் அனுமதிப்பத்திரத்தைக் காட்டக்கூடிய மரக்காலையில், அல்லது அரச மரக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை நிலையத்தில் வாங்குங்கள்.

மலைச்சரிவில் வளர்ந்த மரத்துக்கு ஒரு தனிக் குறை உண்டு. சமவெளியில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. சரிவில் சாய்ந்து வளரும் மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ள, சாய்வின் மேற்பக்கத்தில் இழுவிசை தாங்கும் சிறப்பு இழைகளை உருவாக்குகிறது. அந்தப் பகுதி அறுக்கும்போது பஞ்சுபோல் பிசிறும். சாதாரண மரம் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை, இந்த இழைகளோ நீளவாக்கிலும் சுருங்கும். ஆகவே பலகை வில்லாக வளையும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அடிமரத்தின் வெட்டு முகத்தைப் பார்ப்பதுதான். நடுக்குருத்து நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், அம்மரத்தைக் கட்டிலுக்கோ மேசைக்கோ விட்டுவிடுங்கள். நடுக்குருத்தைச் சுற்றி ஐந்து சென்றிமீற்றருக்குள் வரும் இளமரமும் வேண்டாம்; வைரம் பாய்ந்த பகுதியே வேண்டும், வெளிப்புற வெள்ளைப் பகுதி ஒரு விரற்கடையும் கலக்கக் கூடாது.

அடுத்தது இழையின் போக்கு. பலகையின் முனையைப் பாருங்கள். வளைய வரிகள் பலகையின் அகன்ற முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது ஆரைப் போக்கில் அறுத்த பலகை. படுத்துக் கிடந்தால் தட்டையாக அறுத்தது. தொழிற்சாலைகள் இரண்டையும் பயன்படுத்துகின்றன. அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான ஃபெண்டரின் மேப்பிள் கழுத்துகளில் பெரும்பாலானவை தட்டையாக அறுத்தவையே. ஈரம் ஏறி இறங்கும் நம் சூழலில் ஆரைப் போக்கையே நான் விரும்புகிறேன். ஆயினும் இழை பக்கவாட்டில் ஓடி வெளியேறாமல் நீளவாக்கில் நேராகச் செல்வது இதைவிட முக்கியம். கண்ணுக்குத் தெரியும் கோடுகள் ஏமாற்றும். அதனால் சீவிய பக்கத்தில் பேனா மை ஒரு துளி விட்டுப் பாருங்கள், மை இழை வழியே நீண்டு பரவும். அல்லது முனையிலிருந்து ஒரு சிம்பை உளியால் பிளந்து பாருங்கள். 75 சென்றிமீற்றர் நீளத்தில் இழை 3 சென்றிமீற்றருக்கு மேல் சரிந்தால் நான் அந்தப் பலகையை ஒதுக்கிவிடுவேன்.

இறுதியாகத் தராசு. 75 சென்றிமீற்றர் நீளம், 8 அகலம், 2.5 தடிப்பு கொண்ட துண்டின் கனஅளவு 1500 கனசென்றிமீற்றர். உலர்ந்த நிலையில் அது 825 கிராம் இருந்தால் அடர்த்தி ஒரு கனமீற்றருக்கு 550 கிலோகிராம்; நல்ல மகோகனிக் கழுத்துக்கு அது பொருத்தமானது. விரைந்து வளர்ந்த நடவு மரம் சில நேரம் இதைவிட மிக இலேசாக வரும். அப்படிப்பட்ட துண்டை உடற்பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகள் இடிக்கப்படும்போது கிடைக்கும் நிலைகளும் உத்திரங்களும் பல நேரம் புதிய பலகையைவிடச் சிறந்தவை. ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்த்து எடுங்கள்.

உலர்த்துதல்: மலையகத்தின் தனிக்கணக்கு

ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்று ஆசாரிமார் சொல்வது காற்றில் உலர்த்தும் மரத்துக்குச் சரியான விதி. ஆனால் காற்றில் உள்ள ஈரத்துக்குச் சமமாகும் வரைதான் மரம் உலரும்; அதற்குக் கீழே அது இறங்காது. காற்றின் சார்பு ஈரப்பதன் 80 சதவீதம் என்றால் மரம் ஏறக்குறைய 16 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். 65 சதவீதக் காற்றில் 12 சதவீதத்தில் நிற்கும். தொழிற்சாலைகள் தம் வேலைக்கூடங்களில் பேணும் 45 சதவீதக் காற்றில்தான் அது 8 சதவீதத்தை ஒட்டி இறங்கும். அட்டனில் கிடந்த என் மரம் மூன்றல்ல, முப்பது ஆண்டுகள் கிடந்திருந்தாலும் அந்த மழைக்காலத்தில் 16 சதவீதத்திலேயே இருந்திருக்கும். குளிரூட்டிய மண்டபம் அதை 8 சதவீதத்துக்கு இழுத்தது. தட்டையாக அறுத்த 56 மில்லிமீற்றர் அகல மகோகனிப் பலகை ஒன்று இந்த மாற்றத்தில் 0.6 மில்லிமீற்றர் சுருங்கும். உலோக ஃபிரெட்டோ சுருங்காது. திரும்பி வந்த கிட்டாரின் ஃபிரெட் முனைகள் கையைக் கீறியதன் காரணம் இவ்வளவுதான்.

தொழிற்சாலைகள் சூளையில் உலர்த்தி, பிறகு ஈரம் கட்டுப்படுத்திய அறையில் மரத்தை வாரக்கணக்கில் அடுக்கி வைக்கின்றன. நமக்கு ஒரு பெட்டி போதும். நம் காற்று குளிர்ந்த காற்று. அதைச் சற்றே சூடாக்கினால் சார்பு ஈரப்பதன் வேகமாகக் குறையும். 18 பாகை செல்சியஸில் 80 சதவீதமாக இருக்கும் காற்றை 26 பாகைக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 49 சதவீதமாகிவிடும். ஆகவே ஒட்டுப்பலகையால் ஓர் அலமாரி செய்து, அடியில் பழைய வகை 60 வாற்று இழை மின்குமிழ் ஒன்றைக் கம்பிவலைக் கூண்டுக்குள் பொருத்தி, மேலும் கீழும் சிறு துளைகள் இட்டு, உள்ளே ஓர் ஈரமானியைத் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. குமிழ் போதிய வெப்பம் தராது. பலகைகளுக்கு இடையே ஒரே தடிப்புள்ள குச்சிகளை வைத்துக் காற்று ஓட வழிவிடுங்கள், முனைகளை மெழுகாலோ பெயின்ற்றாலோ மூடுங்கள். முனை வழியாக ஈரம் விரைவாக வெளியேறுவதே வெடிப்புக்குக் காரணம். பச்சை மரத்தை நேரடியாகப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. வெளியில் காற்றாடியதையே வைக்க வேண்டும்.

ஈரத்தை அளக்கும் மானி இல்லையென்றால், அதே பலகையில் வெட்டிய சிறு துண்டின் நிறையை அளந்து, 103 பாகைச் சூட்டில் நிறை இனிக் குறையாத வரை, ஏறத்தாழ ஒரு நாள், வைத்து மீண்டும் நிறுங்கள். 112 கிராம் துண்டு 100 கிராமாக முடிந்தால் ஈரம் 12 சதவீதம். எந்த எண்ணில் நிறுத்துவது என்பதில் நான் தொழிற்சாலைகளிடமிருந்து சற்று விலகுகிறேன். கிட்டார் மலையகத்து வீட்டிலோ தேவாலயத்திலோ வாழப்போகிறது என்றால் 10 சதவீதத்தில் நிறுத்துகிறேன். கொழும்பின் குளிரூட்டிய அறைக்குப் போவதாக இருந்தால் 8 சதவீதம் வரை இறக்குகிறேன்.

வேலை செய்யும் பருவத்தையும் தேர்ந்துகொள்ளுங்கள். திம்புள்ளப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரையும் வரண்ட காற்று வீசும்; தேயிலைக்கு வாசம் ஏறும் தரமான பருவங்களும் அவையே. பண்டாரவளையில் உள்ள என் பட்டறையில் ஒட்டும் வேலையையும் ஃபிரெட் வேலையையும் அந்த மாதங்களுக்கே ஒதுக்குகிறேன். மழை மாதங்களில் அறுப்பதும் அடுக்குவதும் மட்டும்.

துண்டை வடிவமைத்தல்

உலர்ந்த பலகையை உடனே இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டாம். எல்லாப் பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக அறுத்து, இரண்டு வாரம் பெட்டிக்குள் மீண்டும் வையுங்கள். அறுக்கும்போது மரத்துக்குள் அடங்கியிருந்த இறுக்கம் விடுபட்டு அது அசையும்; அசைந்து முடிந்ததை இழைப்புளியால் நேராக்கினால் பின்னர் அசைவது குறையும். தரமான தொழிற்சாலைக்கும் மலிவுத் தொழிற்சாலைக்கும் நான் காணும் முதன்மையான வேறுபாடு இந்தக் காத்திருப்புத்தான். வெட்டும் இயந்திரம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம், அந்த இயந்திரத்துக்கு இழையின் போக்கு தெரியாது.

தலைப்பகுதியை அமைப்பதில் இரண்டு மரபுகள் உண்டு. 1950இல் ஃபெண்டர் தொடங்கிய முறையில் கழுத்தும் தலையும் ஒரே தட்டைப் பலகையில் சாய்வின்றி வெட்டப்பட்டு, கழுத்து உடலுடன் திருகாணிகளால் பூட்டப்பட்டது. அச்சுப்பலகையும் ரவுட்டர் என்னும் மரம் குடையும் கருவியும் கொண்டு விரைவாகச் செய்யும்படி முழு வடிவமும் திட்டமிடப்பட்டது. மற்றோர் அமெரிக்க நிறுவனமான கிப்ஸன் தன் மகோகனிக் கழுத்துகளில் தலையை 17 பாகை பின்னோக்கிச் சாய்த்து, ஒரே தடித்த கட்டையிலிருந்து வெட்டியது. சாய்ந்த இடத்தில் இழை குறுகி ஓடுவதால் கிட்டார் விழும்போது அங்கேயே முறிகிறது. 1960களின் நடுவில் அந்நிறுவனம் சாய்வை 14 பாகையாகக் குறைத்த காலமும் உண்டு.

சிறு பட்டறைக்கு நான் பரிந்துரைப்பது சாய்வு ஒட்டு. 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகையை 14 பாகையில் குறுக்கே அறுத்தால் வெட்டு முகம் பலகையின் நீளவாக்கில் 8 சென்றிமீற்றர் ஓடும். அறுத்த சிறு துண்டைப் புரட்டி அடியில் ஒட்டினால் தலை சாய்ந்து நிற்கும், இழையும் இரு பகுதியிலும் நேராக ஓடும். மரமும் மிச்சமாகும். பல தொழிற்சாலைகள் சிக்கனத்துக்காக இதைச் செய்வதால் இதைத் தரக்குறைவு என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு, நன்றாகப் பொருந்திய ஒட்டு குறுகிய இழையைவிட உறுதியானது. ஒட்டும்போது துண்டு வழுக்காமலிருக்கச் சிறு மரமுளை ஒன்றைச் செருகிக் கிளாம்ப் இறுக்குங்கள்.

ட்ரஸ் ராட்

கழுத்துக்குள் உருக்குக் கம்பியைப் பதித்து அதை இறுக்கி வளைவைச் சரிசெய்யும் முறைக்குக் கிப்ஸனில் பணியாற்றிய தாடியஸ் மக்ஹியூ 1921இல் காப்புரிமை கோரி 1923இல் பெற்றார். ஃபெண்டர் 1950இல் ராட் இன்றி வெளியிட்ட முதற் சில எஸ்குவையர் கிட்டார்களின் கழுத்துகள் வளைந்ததால் அதே ஆண்டில் ராட் சேர்க்கப்பட்டது. கழுத்தின் பின்புறத்தில் காடி வெட்டி, அதை வால்நட் பட்டையால் மூடினார்கள். இன்று நீங்கள் வாங்க வேண்டியது இரு திசையிலும் வளைவைத் திருத்தும் இரட்டைச் செயல் ராட். ஈரம் ஏறும்போது முன்னும் வரண்ட காலத்தில் பின்னும் அசையும் நம் கழுத்துகளுக்கு அது அவசியம். ராட்டின் அளவை வைத்தே காடியை வெட்டுங்கள்; பெரும்பாலும் 6 மில்லிமீற்றர் அகலமும் 9 முதல் 10 வரை ஆழமும் வரும். ராட் உள்ளே ஆடினால் வாசிக்கும்போது அதிரும்.

கழுத்தின் தடிப்பு முதல் ஃபிரெட்டில் 21 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். விறைப்பு தடிப்பின் முப்படிக்கு ஏற்ப உயர்வதால், 20 மில்லிமீற்றரை 22 ஆக்கினால் விறைப்பு 33 சதவீதம் கூடும். மெல்லிய கழுத்து விரைவாக வாசிக்க உதவும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. நடவு மகோகனியில் அந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

ஃபிரெட் பலகை

ஃபிரெட்டுகளைத் தாங்கிக் கழுத்தின் முகப்பில் ஒட்டப்படும் இந்தப் பலகைக்கு வன்மையான மரம் வேண்டும். ரோஸ்வூட் இனம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் பட்டியலில் உள்ளது, முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளிக்கப்பட்டாலும் பலகையாக வரவழைப்பது கடினம். நம் கருங்காலி உலகின் மிகச் சிறந்த ஃபிரெட் பலகை மரங்களுள் ஒன்று, எனினும் காக்கப்பட வேண்டிய மரம். உடைந்த பழைய தளபாடத்திலிருந்து கிடைத்தால் மட்டும் பயன்படுத்துங்கள். நான் பெரும்பாலும் பயன்படுத்துவது பழைய வீடுகளிலிருந்து வரும் முதிரை. மஞ்சள் ஒளிரும் மிக வன்மையான மரம் அது. அதன் தூளும் தோலுக்கு ஆகாது, முகமூடியும் நீண்ட கைச்சட்டையும் அணியுங்கள்.

பலகை 6 மில்லிமீற்றர் தடிப்புக்கு வந்ததும் காடிகளைக் குறியுங்கள். கம்பியின் அதிரும் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் தூரம் கிடைக்கும். மிஞ்சிய நீளத்தை மீண்டும் வகுத்தால் அடுத்தது. 648 மில்லிமீற்றர் நீளத்துக்கு நட்டிலிருந்து (தலையருகே கம்பிகள் தங்கும் சிறு கட்டையிலிருந்து) முதல் ஃபிரெட் 36.37, இரண்டாவது 70.70, ஐந்தாவது 162.55, ஏழாவது 215.51, பன்னிரண்டாவது சரியாக 324.00 மில்லிமீற்றரில் வரும். எல்லாத் தூரத்தையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததை அளந்தால் சிறு பிழைகள் சேர்ந்து சுருதி கெடும். காடியின் அகலம் ஃபிரெட் கம்பியின் அடிநாக்குக்கு ஏற்ப 0.5 முதல் 0.6 மில்லிமீற்றர், முதலில் ஒரு கழிவுத் துண்டில் அறுத்து, கம்பியை அடித்துப் பாருங்கள்.

ஒட்டும்போது ஓர் எச்சரிக்கை. மஞ்சள் மரப்பசையில் நீர் உண்டு. அது பலகையின் அடிப்பக்கத்தை மட்டும் ஊறவைத்து விரிப்பதால் கழுத்து பின்னோக்கி வளையும். பசையை மெல்லியதாகப் பூசி, தடித்த நேரான கட்டையின் மேல் இறுக்கி, ஒரு நாள் கழித்துக் கழற்றி, குறைந்தது ஒரு வாரம் பெட்டியில் வையுங்கள். எப்பொக்சி பசையில் நீர் இல்லாததால் மழைக்காலத்தில் ஒட்ட நேர்ந்தால் அதையே நாடுங்கள்.

செதுக்குதல், ஃபிரெட் இடுதல், பூச்சு

பின்புறத்தை முதல் ஃபிரெட்டிலும் பன்னிரண்டாவதிலும் வளைவு அட்டை வைத்துச் செதுக்கி, இரண்டையும் நேர்கோட்டில் இணைத்தால் போதும். கையே இறுதி நடுவர். அரத்துக்குப் பின் சாண்ட் பேப்பர். பலகையின் மேல்வளைவுக்கு ஃபெண்டரின் பழைய ஆரை 184 மில்லிமீற்றர், கிப்ஸனின் ஆரை 305. தொடக்கத்தில் 305 எளிது.

பெரிய தொழிற்சாலைகள் ஃபிரெட்டுகளை அழுத்தியால் பதித்து, ஜெர்மனியில் உருவான பிளெக் இயந்திரத்தால் ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து சமப்படுத்துகின்றன. நீண்ட நேரான அலுமினியச் சட்டத்தில் சாண்ட் பேப்பரை ஒட்டி, ஃபிரெட் உச்சிகளில் மை தடவித் தேய்த்து, மை எங்கும் சமமாக அழியும் வரை தொடர்ந்தால் நாமும் அதே முடிவை அடையலாம். அரைநாள் ஆகும், அவசரம் கூடாது.

பூச்சு எதுவானாலும் தலையின் உச்சி, அடிப்பகுதியின் வெட்டு முகம், ராட் திருகும் குழி ஆகிய இழைமுனைகளுக்கு இரண்டு மடங்கு பூசுங்கள். பூச்சு ஈரத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை, அதன் வேகத்தைத் தணிக்கிறது. பூசாமல் விட்ட முனை அந்தத் தணிவையும் வீணாக்கும்.

கம்பி பூட்டிய பிறகு

கம்பிகளைச் சுருதிக்கு ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். பின்னர் கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கழுத்து உடலைச் சேரும் ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃபிரெட்டுக்கு மேல் உள்ள இடைவெளியை இடைவெளிமானித் தகட்டால் அளந்து பாருங்கள்; 0.1 முதல் 0.3 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். கூடினால் ராட்டைக் காற்சுற்று இறுக்கி, ஓர் இரவு விட்டு மீண்டும் அளவுங்கள். ஒரே நாளில் இரண்டு முறை திருப்ப வேண்டாம். ஒவ்வொரு கழுத்துக்கும் ஒரு குறிப்பேட்டுப் பக்கம் வைத்து, மரம் வந்த இடம், நிறை, ஈர அளவு, ஒட்டிய நாள், இந்த இடைவெளி ஆகியவற்றை எழுதுங்கள். முதல் பருவமழை முடிந்ததும் கிட்டாரை வரவழைத்து அதே இடத்தில் மீண்டும் அளந்து, ஃபிரெட் முனைகளில் விரலை ஓட்டிப் பார்த்து, நீட்டிய முனைகளை அடுத்து வரும் வரண்ட பருவத்தில் அரத்தால் சீராக்குங்கள்.